ரெண்டு எம்எம்முக்கு பேட்டண்ட் கிடைக்குமா?

"துளையை ரெண்டு எம்எம் கூட்டினேன் சார், வெல்டிங்கில் பைப் இப்ப கோணாம நிக்குது. இதுக்கு பேட்டண்ட் போடலாமா?"

திருவெறும்பூர், துவாக்குடிப் பக்கம் பெல் ஆலைக்கு ஜாப் ஒர்க் செய்யும் பட்டறைகளில் வெர்னியரும் கையுமாக நிற்கிற யாருக்கும் வரக்கூடிய கேள்வி. பெரும்பாலும் கிடைக்காது.

அந்தத் தொழில் தெரிந்தவருக்குச் சட்டென்று தோன்றிவிடுவது 1970-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டப்படி கண்டுபிடிப்பே அல்ல. கடைசல் எந்திரத்தில் பாத்திரத்தைப் பிடித்து நிறுத்தும் முறைக்கு வாங்கிய காப்புரிமை, வெறும் பட்டறைத் திருத்தம் என்று 1978-இல் உச்ச நீதிமன்றத்தில் விழுந்தது.

நம் ஊர் நீதிமன்றம் கண்ட வழக்கு இன்னும் சுவையானது. விட்டம் 45 முதல் 70 மி.மீ. வரையுள்ள சிலிண்டரில் இரண்டு ஸ்பார்க் பிளக் வைத்ததற்கு பஜாஜ் காப்புரிமை வாங்கியிருந்தது. டிவிஎஸ் 'ஃபிளேம்' பைக்கை அறிவித்ததும் சண்டை. இரட்டை பிளக் ஹோண்டாவின் பழைய அமெரிக்கக் காப்புரிமையிலேயே இருக்கிறது என்றது டிவிஎஸ். 2008 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. 2009 மே மாதம் மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் அமர்வு தடையை நீக்கியது. 2019-இல் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன. சின்ன விட்டம் கண்டுபிடிப்பாகுமா என்பதற்கு அந்த வழக்கில் இறுதி விடை வரவேயில்லை!

'எங்கள் காப்புரிமையை மீறுகிறீர்கள்' என்று நோட்டீஸ் வந்தால் பயந்து மெஷினை நிறுத்திவிடாதீர்கள். முதலில் காப்புரிமை எண்ணைக் கேளுங்கள். புதுப்பிப்புக் கட்டணம் கட்டாமல் காலாவதியானவை ஏராளம். காப்புரிமை அலுவலக இணையதளத்தில் பார்க்கலாம். வழக்கே வந்தாலும், 'இது தொழிலில் எல்லோருக்கும் தெரிந்தது' என்பது 107-ஆம் பிரிவின்படி தற்காப்பு. ஆதாரமில்லாமல் மிரட்டினால் 106-ஆம் பிரிவின்கீழ் நீங்களே வழக்குப் போடலாம். இன்னொருவரின் விண்ணப்பம் வெளியானபின், வழங்கப்படுவதற்குள், யாரும் எதிர்ப்பு மனு கொடுக்கலாம்.

உங்கள் அளவு உண்மையிலேயே யாரும் எதிர்பாராத பலன் தந்தால் கதை வேறு. எந்த அளவில் கோணியது, எதில் நின்றது என்று ஒவ்வொரு சோதனையையும் தேதிபோட்டு நோட்டில் எழுதுங்கள். விண்ணப்பிக்கும் முன் வாடிக்கையாளரிடமோ கண்காட்சியிலோ காட்டிவிடாதீர்கள். சிறு தொழில்களுக்கு விண்ணப்பக் கட்டணத்தில் பெரும் சலுகை உண்டு. கிண்டியில் உள்ள சென்னை அலுவலகம் நிராகரித்தால், மூன்று மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு. அங்கே பேசப்போவது அந்த நோட்டுத்தான்.