கணக்குக் காட்டாதவருக்குக் குடத்தில் இடமில்லை!

பிரான்ஸ் தேசத்தில் அழகான பழைய கிராமங்களுக்கென்றே 1982-ல் ஒரு சங்கம் தொடங்கினார்கள். கல் வீடுகளையும் கோட்டைச் சுவர்களையும் பார்க்க உலகமே அங்கே போகிறது. நமக்கும் பக்கத்திலேயே பழம்பெருமை வாய்ந்த ஊர் ஒன்று இருக்கிறது, சகோதரிகளே! எங்கள் சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து செங்கல்பட்டு போய் பஸ் ஏறினால், உத்திரமேரூர்.

பல்லவர் காலத்துச் சதுர்வேதிமங்கலம் இது. சுந்தரவரதப் பெருமாள் கோயிலில் மூன்று அடுக்குகளில் பெருமாள் நின்றும், இருந்தும், கிடந்தும் சேவை சாதிக்கிறார். மாடிப்படி ஏற வேண்டும். முழங்கால் வலிக்காரர்கள் நிதானமாக ஏறுங்கள். நடைசாத்தும் முன் காலையிலேயே போய்விடுவது நல்லது.

ஆனால் நான் அசந்து நின்றது வைகுண்டப் பெருமாள் கோயிலில்தான். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921-ம் ஆண்டுகளில், ஊர்ச் சபைக்கு ஆள் எடுக்கும் விதிகளைச் சுவரிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். ஊருக்கு 30 குடும்பு, அதாவது வார்டு. நிற்பவருக்கு வயது 35-க்கு மேல், 70-க்குள். வரி கட்டும் கால் வேலி நிலமும், சொந்த மனையில் வீடும் வேண்டும். வேதமும் தெரிந்திருக்க வேண்டும். பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, விவரம் அறியாத சின்னப் பிள்ளையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். ஓலையை வாங்குகிறவர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். கைக்குள் வேறு ஓலை ஒளிந்திருந்தால்? என்ன முன்யோசனை பாருங்கள்!

முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடத்தில் போடவே கூடாது. அவர் மட்டுமா? அப்பா, பிள்ளை, மாமா, மச்சினன், மாப்பிள்ளை, சின்னம்மா பெரியம்மா பிள்ளைகள் என்று சொந்தக்காரர் யாருக்குமே இடமில்லை. குடும்பம் நடத்தத் தெரிந்த யாரோதான் இந்தப் பட்டியலைப் போட்டிருக்க வேண்டும் என்று தோன்றியது எனக்கு. பணம் எந்த வழியில் வீட்டுக்குள் சுற்றும் என்பது நமக்குத் தெரியாதா என்ன!

ஏரியைப் பராமரிக்கத் தனியாக ஏரி வாரியம், அதற்கு 6 பேர். தோட்டத்துக்கு 12 பேர். பதவி 360 நாள்தான்.

ஒரு குறை உண்டு. அந்தக் குடத்தில் பெண் பெயர் கிடையாது. நிலமில்லாதவர் பெயரும் கிடையாது. ஏரி வற்றினால் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தது யாராக இருக்கும்? அதற்கு விடை 1992-ல் வந்த 73-வது அரசியல் சட்டத் திருத்தத்தில்தான் கிடைத்தது. பஞ்சாயத்தில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு என்றார்கள். தமிழ்நாட்டில் 2016-ல் அது பாதியாக உயர்ந்தது.

இடம் கிடைத்தால் போதுமா? சுதந்திர தினத்தன்றும் காந்தி ஜெயந்தியன்றும் உங்கள் ஊரில் கிராம சபை கூடும். சமையலைக் கொஞ்சம் சீக்கிரம் முடித்துவிட்டுப் போய் உட்காருங்கள். ஏரிக்கு, குழாய்க்கு, தெருவிளக்குக்கு எவ்வளவு செலவானது என்று கேளுங்கள். பால் கணக்கையும் மளிகைக் கணக்கையும் மாதாமாதம் சரிபார்க்கிற நமக்கு, ஊர்க் கணக்கு ஒன்றும் பெரிய வித்தை இல்லை!