அறுபது மூட்டை நெல்லும் ஓர் அட்டையும்

தை மாதம் லால்குடி வட்டாரத்திற்கு அறுவடை மாதம். கொள்ளிடத்தின் வடகரையில், பெருவளை வாய்க்காலும் புள்ளம்பாடி வாய்க்காலும் பாயும் வயல்களில் சம்பா நெல் முற்றித் தலை சாய்ந்து நிற்கும் காலம் அது. 2025-ஆம் ஆண்டு, பொங்கலுக்கு ஒரு வாரமே இருந்த வேளையில், நாம் நன்கறிந்த ஓர் உழவர் இல்லத்தில் அறுவடையோடு வேறோர் எதிர்பார்ப்பும் சேர்ந்துகொண்டது. பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பயிலும் அவ்வீட்டு மகன், ஜனவரி 7-ஆம் நாள் காலை எட்டு மணிக்கே கைப்பேசியும் கையுமாக அமர்ந்துவிட்டான். அமெரிக்காவின் லாஸ் வேகஸ் நகரில் அப்பொழுது முந்தைய நாள் மாலை. அங்கே என்விடியா நிறுவனத்தின் தலைவர் ஜென்சன் ஹுவாங் புதிய கிராபிக்ஸ் கார்டுகளின் வரிசையை அறிவித்துக்கொண்டிருந்தார்.

களத்துமேட்டிலிருந்து வந்த தந்தை, "என்ன தம்பி, காலையிலேயே?" என்றார்.

"புது கார்டு அறிவிச்சிட்டாங்கப்பா. நாலு மாசமா சொல்லிக்கிட்டிருந்தேனே, அதுதான். இதுல எனக்கு ஏத்தது ஐம்பத்தொன்பதாயிரம் வருது."

தந்தை விடை கூறவில்லை. அவர் மனத்தில் ஓடிய கணக்கைப் பின்னர் நம்மிடம் சொன்னார். அந்தப் பருவத்தில் தமிழக நேரடிக் கொள்முதல் நிலையங்களில் சன்ன ரக நெல்லுக்குக் குவிண்டாலுக்கு 2,450 ரூபாய் விலை. அவ்வாறாயின் 59,000 ரூபாய் என்பது 24 குவிண்டால் நெல். நாற்பது கிலோ மூட்டையாகக் கணக்கிட்டால் அறுபது மூட்டை. ஏறத்தாழ ஓர் ஏக்கரின் நல்ல விளைச்சல். உழவு கூலி, நடவு கூலி, உரம், அறுவடை எந்திர வாடகை எதையும் கழிக்காத கணக்கு இது.

பொங்கலன்று நாம் அவ்வீட்டிற்குச் சென்றிருந்தபோது அவர் நம்மை ஒரு புறமாக அழைத்து, "நீங்களே சொல்லுங்க சார், இது விளையாட்டுச் சாமானா, படிப்புச் சாமானா?" என்று கேட்டார். இன்று நம் குடும்பங்கள் பலவற்றில் பெற்றோர் கேட்க நினைத்துக் கேளாமல் இருக்கும் வினா இது. ஆதலின் அதற்குச் சற்று விரிவாகவே விடை காண முற்படுவோம்.

அட்டையின் வேலை யாது?

கணிப்பொறித் திரையில் நாம் காணும் படம் நுண்ணிய புள்ளிகளால் ஆனது. சாதாரணத் திரையொன்றில் 1,920-க்கு 1,080 என்ற கணக்கில் 20,73,600 புள்ளிகள் உள்ளன. அசையும் காட்சி கண்ணுக்கு இதமாக இருக்க, நொடிக்கு அறுபது முறை அப்புள்ளிகள் அனைத்திற்கும் நிறத்தைக் கணக்கிட வேண்டும். நொடி ஒன்றுக்குப் பன்னிரண்டு கோடிக்கு மேற்பட்ட கணக்குகள்!

கணிப்பொறியின் தலைமைச் செயலி மிகுந்த திறமைசாலி. ஆயினும் அது ஒரு சில கைகளே உடையது. எத்துணைக் கைதேர்ந்தவராயினும் ஒருவரே ஒரு வேலி நிலத்தில் நாற்று நட இயலுமா? வரிசையாக நாற்பது பெண்கள் இறங்கினால் பொழுது சாய்வதற்குள் வயல் பச்சையாகிவிடும். கிராபிக்ஸ் கார்டு என்பது அத்தகைய நடவுக் கூட்டம். எளிய கணக்குகளை ஒரே நேரத்தில் போடும் ஆயிரக்கணக்கான சிறு உறுப்புகள் அதில் அடங்கியுள்ளன. அம்மாணவன் விரும்பிய ஆர்.டி.எக்ஸ். 5070 என்னும் அட்டையில் அவை 6,144. அவ்வரிசையின் தலைமகனான 5090-இல் 21,760.

1999-இல் வெளிவந்த ஜீஃபோர்ஸ் 256 முதல் இவ்வட்டைகள் விளையாட்டுகளுக்காகவே விற்கப்பட்டு வந்தன. ஒரே வகைக் கணக்கைப் பல்லாயிரம் முறை போடும் இத்திறன் அறிவியலுக்கும் உதவுமே என்று ஆய்வாளர்கள் எண்ணினர். அதற்கு வழி செய்யும் கூடா என்னும் மென்பொருள் அமைப்பை என்விடியா 2006-இல் அறிவித்தது. 2012-இல் கனடா நாட்டின் டொராண்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மூவர், படங்களில் உள்ள பொருள்களை அடையாளம் காணும் போட்டியொன்றில் உலகையே வியக்க வைத்தனர். அவர்கள் தம் செயற்கை நரம்பு வலையைப் பயிற்றுவித்தது, கடையில் விற்கும் இரண்டே இரண்டு விளையாட்டு அட்டைகளைக் கொண்டுதான். அம்மூவரில் ஒருவரான ஜெஃப்ரி ஹின்டன் 2024-ஆம் ஆண்டின் இயற்பியல் நொபேல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இன்றைய செயற்கை நுண்ணறிவின் எழுச்சிக்கு வித்திட்ட நிகழ்ச்சிகளுள் இது முதன்மையானது.

ஆகவே அந்தத் தந்தைக்கு நாம் கூறிய விடை இது: "இரண்டுமாக இருக்கும் ஐயா. எது என்பது அட்டையில் இல்லை. பையனின் மேசையில் இருக்கிறது."

விலை நிலையாக நிற்பதில்லை

இவ்வட்டைகளுக்காகக் காத்திருப்போரின் பொறுமையைச் சந்தை பன்முறை சோதித்துள்ளது. 2020 செப்டம்பரில் 3080 என்னும் அட்டை 699 டாலர் என அறிவிக்கப்பட்டபோது நம் நாட்டில் அதன் விலை 71,000 ரூபாய். அறிவிப்பைக் கேட்டு மகிழ்ந்தோர் பலர். அவ்விலைக்கு வாங்கியோர் சிலரே. பெருந்தொற்றுக் காலத்தில் சில்லுகளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. போதாக்குறைக்கு, எதீரியம் என்னும் மின்னியல் நாணயத்தைத் 'தோண்டி' எடுப்போர் அட்டைகளை மொத்தமாக வாங்கிக் குவித்தனர். 2021-இல் அறிவித்த விலையின் இரு மடங்குக்கும் மேலாக அவை விற்றன. 2022 செப்டம்பர் 15-இல் அந்நாணயத்தின் செயல்முறை மாறி, தோண்டும் வேலையே ஒழிந்த பின்னர்தான் அந்தத் தொல்லை நீங்கியது.

காத்திருப்போர்க்கு நன்மை விளைந்ததும் உண்டு. 2022 செப்டம்பரில் 4080 என்ற ஒரே பெயரில் இருவேறு அட்டைகள் அறிவிக்கப்பட்டன. அவற்றுள் 12 ஜி.பி. நினைவகம் கொண்டது, பெயரில் ஒன்றாயினும் ஆற்றலில் மிகக் குறைந்தது. வாங்குவோர் குறை கூறவே, அடுத்த மாதமே அது திரும்பப் பெறப்பட்டது. 2023 ஜனவரியில் அதே அட்டை 4070 டி.ஐ. என்ற வேறு பெயருடன், 899 டாலருக்குப் பதில் 799 டாலருக்கு வெளிவந்தது. மூன்று மாதப் பொறுமைக்கு நூறு டாலர் இலாபம்!

அமெரிக்க விலைக்கும் நம்மூர் விலைக்கும் உள்ள வேறுபாட்டையும் அறிந்திருத்தல் நலம். 5070-இன் விலை அங்கே 549 டாலர். அன்றைய மாற்று மதிப்பில் இது ஏறத்தாழ 47,000 ரூபாய். அதன்மேல் பதினெட்டு விழுக்காடு சரக்கு சேவை வரியைச் சேர்த்தால் 55,000-ஐத் தாண்டும். எஞ்சியது வருவிக்கும் செலவும் வணிகரின் ஆதாயமும் எனக் கொள்ளலாம். அவ்வரிசையில் 5070 டி.ஐ. 80,000 ரூபாய் என்றும், 5080 1,07,000 ரூபாய் என்றும், 5090 2,14,000 ரூபாய் என்றும் விலை கூறப்பட்டது. கடைக்கு வந்தபோது இவற்றுள் பல, சில மாதங்கள் வரை, அறிவித்த விலைக்குக் கிடைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

விளம்பரச் சொல்லும் அளவுகோலும்

அந்த மேடையில் கூறப்பட்ட ஒரு சொல்தான் அம்மாணவனை மிகவும் கவர்ந்தது. முந்தைய தலைமுறையில் 1,599 டாலருக்கு விற்ற 4090-இன் ஆற்றலை, 549 டாலர் 5070 தரும் என்பதே அச்சொல். கேட்பதற்கு இனிதுதான். அதன் உட்பொருளைத் துருவிப் பார்ப்போம்.

புதிய அட்டை தானாகக் கணக்கிட்டு வரையும் ஒவ்வொரு படத்திற்கும் இடையே, செயற்கை நுண்ணறிவின் துணையால் மூன்று படங்கள் வரை ஊகித்துச் செருகும் வசதியைப் பெற்றிருந்தது. திரையில் ஓடும் நான்கு படங்களில் ஒன்றே உண்மையாக வரையப்பட்டது. காட்சி வழவழப்பாகத் தோன்றும். ஆனால் நாம் விசையை அழுத்தியதற்கும் திரை அசைவதற்கும் இடைப்பட்ட நேரம் அதனால் குறைவதில்லை. மார்ச் 5-ஆம் நாள் அட்டை விற்பனைக்கு வந்த பின்னர், இவ்வசதியை நிறுத்தி வைத்துச் சோதித்தோர், அது 4090-க்கு வெகுதூரம் பின்தங்கியிருப்பதைக் கண்டனர். மேலும் 4090-இல் 24 ஜி.பி. நினைவகம் உண்டு, 5070-இல் பன்னிரண்டுதான். செயற்கை நுண்ணறிவு பயில்வோர்க்கு இது பெரிய வேறுபாடு. பத்தாயத்தில் கொள்ளாத நெல்லை எத்துணை விரைவாக அளந்தும் பயன் என்ன?

எனவே புதிய அட்டை ஒன்று வருகிறது என்றால், பிள்ளைகளிடம் பெற்றோர் நான்கு வினாக்கள் கேட்கலாம். ஊகப் படங்கள் இன்றி அதன் வேகம் என்ன? நினைவகம் எவ்வளவு? எத்தனை வாட் மின்சாரம் இழுக்கும்? போட்டி நிறுவனம் அதே விலைக்கு என்ன தருகிறது? கடைசி வினாவும் வீண் அன்று. 5070 வெளிவந்த மறுநாளே ஏ.எம்.டி. நிறுவனம் 16 ஜி.பி. நினைவகத்துடன் ரேடியான் 9070 என்ற அட்டையை அதே 549 டாலருக்கு வெளியிட்டது. ஆயினும் கூடா அமைப்பை நம்பி எழுதப்பட்ட மென்பொருள்கள் என்விடியா அட்டைகளிலேயே இயங்கும் என்பதால், பாடத்திற்காக வாங்குவோர் அதனையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

சீட்டில் எழுதாத செலவுகள்

5070 முழு வேகத்தில் உழைக்கும்போது 250 வாட் மின்சாரம் கொள்ளும். நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் இயக்கினால் ஒரு யூனிட். இரண்டு மாதக் கணக்கில் அறுபது யூனிட். தமிழகத்தில் வீடுகளுக்கு இரு மாதத்திற்கு ஒருமுறை இலவசமாகக் கிடைக்கும் நூறு யூனிட்டில் பாதிக்கு மேல் இந்த ஓர் அட்டையே விழுங்கிவிடும். அதற்கு 650 வாட் பவர் சப்ளை வேண்டும் என்பது நிறுவனத்தின் பரிந்துரை. அம்மாணவனின் பழைய கணிப்பொறியில் இருந்ததோ 450 வாட். ஆக, அட்டை ஒன்றை வாங்கினால் அதனை ஒட்டி இன்னொன்றும் வாங்க நேரிடும்.

இதனைக் கேட்ட மகன், "இதை நான் கணக்குல சேக்கலையே" என்று தலையைச் சொறிந்தான். தந்தை முகத்தில் அப்பொழுதுதான் முதன்முறையாகச் சிரிப்பைக் கண்டோம்.

அண்டையில் உள்ள பொதுச் சொத்து

எல்லாவற்றையும் நாமே வாங்கித்தான் பயில வேண்டும் என்பதில்லை. லால்குடிக்காரர்கள் திருச்சி வழியாகத் தஞ்சைக்குச் செல்லும்போது துவாக்குடியில் காணும் தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் 'பரம் பொருள்' என்னும் மீக்கணினி இயங்கி வருகிறது. தேசிய மீக்கணினித் திட்டத்தின் கீழ், சி-டாக் நிறுவனத்தின் துணையுடன் ஏறத்தாழ 19 கோடி ரூபாய்ச் செலவில் அமைக்கப்பட்டு, 2022 மே 25-இல் தொடங்கி வைக்கப்பட்டது அது. நொடிக்கு 838 இலட்சம் கோடி கணக்குகள் அதன் ஆற்றல். கிராபிக்ஸ் செயலிகள் பூட்டிய பகுதிகளும் அதில் உண்டு. ஆய்வாளர் பலர் நேரம் பகிர்ந்து பயன்படுத்தும் ஏரித் தண்ணீர் போன்றது அது.

நடுவண் அரசும் 2024 மார்ச்சில் 10,372 கோடி ரூபாயில் செயற்கை நுண்ணறிவு இயக்கம் ஒன்றுக்கு ஒப்புதல் அளித்தது. அதன்படி 18,693 செயலிகள் கிடைக்கவிருப்பதாகவும், மாணவரும் ஆய்வாளரும் புதுத் தொழில் தொடங்குவோரும் மணிக்கு நூறு ரூபாய்க்கும் குறைந்த வாடகையில் பயன்படுத்தலாம் என்றும் 2025 ஜனவரி 30-இல் அறிவிக்கப்பட்டது. தொடக்கப் பாடங்களுக்கு இவ்வளவும் வேண்டா. கூகுள் நிறுவனத்தின் கோலாப் என்னும் சேவையில், நேர வரம்புக்கு உட்பட்டு, இத்தகைய செயலியை இலவசமாகவே பயன்படுத்தலாம். வீட்டுக் கணிப்பொறி பழையதாயினும் இணைய இணைப்பு ஒன்றே போதும்.

முடிவு என்ன ஆயிற்று?

அன்று மாலை தந்தையும் மகனும் திண்ணையில் அமர்ந்து ஒரு தாளில் எழுதினர். மகன் கணிப்பொறியில் செலவிடும் நேரத்தில் பாடத்திற்கு எவ்வளவு, விளையாட்டிற்கு எவ்வளவு என்று அவனே நேர்மையாக எழுதினான். விளையாட்டின் பங்கு அவன் எண்ணியதைவிடக் கூடுதலாகவே இருந்தது. இரண்டாம் ஆண்டுப் பாடங்களுக்கு இலவசச் சேவையும் கல்லூரி ஆய்வகமும் போதும் என்று அவன் வாயாலேயே முடிவாயிற்று. நெல் போட்ட பணம் வங்கிக் கணக்கிற்கு வந்தபோது, தந்தை அவனைத் தொடர்வண்டியில் திருச்சிக்கு அழைத்துச் சென்று, கணிப்பொறியின் நினைவகத்தை மட்டும் கூட்டித் தந்தார். அட்டை, மூன்றாம் ஆண்டுத் திட்டப்பணிக்கு என்று தள்ளி வைக்கப்பட்டது.

கதை இத்துடன் முடிந்திருந்தால், காத்திருப்பதே எப்பொழுதும் இலாபம் என்று எழுதிவிடலாம். ஆனால் 2025-இன் இறுதியில் நினைவகச் சில்லுகளின் விலை மளமளவென்று ஏறிற்று. செயற்கை நுண்ணறிவு நிலையங்கள் அவற்றை வாரிக்கொண்டதே காரணம். கிராபிக்ஸ் கார்டுகளிலும் அதே வகைச் சில்லுகளே உள்ளன. திருச்சியில் அன்று வாங்கிய நினைவகம் நல்ல கொள்முதல் ஆயிற்று. அட்டையின் நிலை வேறு.

"அன்னைக்கே வாங்கியிருக்கலாமோப்பா?" என்று மகன் கேட்டானாம்.

"நெல்லும் அப்படித்தான் தம்பி. வச்சிருந்து வித்து மிஞ்சினவனும் உண்டு, வச்சிருந்து நட்டப்பட்டவனும் உண்டு. அன்னைக்கு அந்தப் பணம் நம்ம கையில இல்ல. கடன் வாங்காம இருந்தோமே, அது போதும்" என்றாராம் தந்தை.

இப்பொழுது அவன் மூன்றாம் ஆண்டில் இருக்கிறான். திட்டப்பணிக்கு எத்துணை நினைவகம் வேண்டும் என்று பேராசிரியரிடம் கேட்டுக் குறித்து வைத்திருக்கிறான். அடுத்து வரும் அட்டைகளைப் பற்றிய செய்திகளையும் படிக்கிறான். படித்ததைத் தந்தையிடமும் சொல்கிறான். தந்தைக்கும் வாட், ஜி.பி. என்னும் சொற்கள் பழகிவிட்டன. நம் இல்லங்களிலும் பிள்ளைகள் இத்தகைய பொருளொன்றைக் கேட்டால், உடனே மறுத்துவிடவோ, மனம் நோகுமே என்று அஞ்சிக் கடன் வாங்கவோ வேண்டா. ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு அவர்களோடு ஒரு மாலைப் பொழுது அமர்வோமாக.