வயிற்றுக்கு ஒரு குட்டி வாசல்!



பல ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். மதிய மணி அடித்ததும் எல்லாரும் குஷியாக டிபன் பாக்சைத் திறப்பார்கள். அவன் முகம் மட்டும் வாடிவிடும். நான்கு வாய்க்கு மேல் இறங்காது. 'சாப்பாட்டை வீணாக்கலாமா?' என்று ஒருநாள் அதட்டிவிட்டேன். அவனுக்கு இதய நோய் இருப்பதும், சாப்பிடுவதற்குள்ளேயே களைத்துப் போவதும் பிறகுதான் தெரிந்தது. அந்த வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

இதயம், சிறுநீரகம், நரம்பு சம்பந்தமான நோய்கள் நீண்ட நாள் இருந்தால், சில குழந்தைகளால் போதிய அளவு சாப்பிட முடியாது. சிலருக்கு விழுங்கும்போது உணவு மூச்சுக் குழாய்க்குள் போய்விடும். உணவு போதாவிட்டால் வளர்ச்சி குறையும். நோயை எதிர்க்கும் தெம்பும் குறையும். அப்போது டாக்டர்கள், 'டியூப் வைக்கலாமா?' என்று கேட்பார்கள்.

அது இரண்டு வகை. கொஞ்ச நாளைக்கு மட்டும் என்றால், மூக்கு வழியாக மெல்லிய டியூப் ஒன்றை இரைப்பை வரை விடுவார்கள். நீண்ட நாளைக்கு என்றால், மயக்க மருந்து கொடுத்து, வயிற்றில் சின்னத் துளையிட்டுப் பொருத்துவார்கள். பெரிய அறுவை சிகிச்சை இல்லாமல், எண்டோஸ்கோப் கருவியின் உதவியால் இதைச் செய்யும் முறை, 1979ல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் பிறந்தது. டாக்டர்கள் காடரர், பான்ஸ்கி இருவரும் அதை முதலில் செய்தது ஒரு கைக்குழந்தைக்குத்தான்!

திரவ உணவை ஊசியில்லாத சிரிஞ்சு மூலமோ, சிறிய பம்ப் மூலமோ கொடுப்பார்கள். இரவில் தூங்கும்போதே சாப்பாடு முடிந்துவிடுவதும் உண்டு! டாக்டர் அனுமதித்தால் வாயாலும் சாப்பிடலாம். பள்ளிக்கு வரலாம், விளையாடலாம். தேவை தீர்ந்தால் எடுத்தும் விடலாம்.

சரி, உன் தோழி, 'எனக்கு டியூப் வைக்கணுமாம், பயமா இருக்கு' என்று சொன்னால் என்ன செய்வாய்?

'நல்லா சாப்பிட்டா இது வேண்டாமே' என்று மட்டும் சொல்லாதே. அவள் முயலாமல் இல்லை, உடம்பு ஒத்துழைக்கவில்லை. 'பயமெல்லாம் எதுக்கு?' என்றும் அடக்காதே. காது கொடுத்துக் கேள். வலிக்குமா, ஓடலாமா, ஐஸ்கிரீம் சாப்பிடலாமா, எப்போது எடுப்பார்கள் என்று அவள் மனதிலுள்ள கேள்விகளை ஒரு தாளில் எழுத உதவு. அதை டாக்டரிடம் அவளே கேட்கட்டும். முடிவை அவளும், பெற்றோரும், டாக்டரும் சேர்ந்து எடுப்பார்கள்.

டியூபோடு அவள் பள்ளிக்கு வந்தால் உற்றுப் பார்க்காதே, பட்டப்பெயர் வைக்காதே, டியூபைத் தொடாதே. கேட்காமல் தின்பண்டம் கொடுக்காதே. டியூப் கழன்று வந்துவிட்டால் உடனே ஆசிரியரிடம் ஓடிச் சொல். வயிற்றுத் துளை சில மணி நேரத்திலேயே சுருங்கத் தொடங்கிவிடும், தாமதம் கூடாது.

முக்கியமாக, மதிய உணவு வேளையில் அவளைத் தனியாக விடாதே. சாப்பாடு எந்த வழியாகப் போனால் என்ன? பேச்சும் சிரிப்பும் எல்லாருக்கும் பொதுதானே!

அன்று அந்த மாணவன் பக்கத்தில் நான் உட்கார்ந்திருக்க வேண்டும். நான் செய்யத் தவறியதை நீங்கள் செய்வீர்கள்தானே, செல்லங்களே!