கணினித் திரையின் ஆயுள்

கணினியின் திரை இருண்டுவிட்டால் அத்தோடு அதன் ஆயுளும் முடிந்துவிட்டதாகவே எம்மில் பலர் எண்ணிவிடுகின்றனர். பிள்ளைகளின் படிப்புக்காகக் கடன்பட்டேனும் கணினி வாங்கிக் கொடுத்த குடும்பங்களுக்கு இது சிறிய இழப்பல்ல. திரை எதனால் பழுதடைகின்றது என்பதை விளங்கிக்கொண்டால் இந்த இழப்பைப் பல சந்தர்ப்பங்களில் தவிர்க்கலாம் என்பதே எமது கருத்தாகும்.

தட்டைத் திரைகளில் உருவத்தைத் தோற்றுவிக்கும் திரவப் பளிங்குப் படலம் தானாக ஒளிர்வதில்லை. அதன் பின்னாலுள்ள விளக்குகளே ஒளியைத் தருகின்றன. முன்னர் இதற்கு மெல்லிய குழல் விளக்குகள் பயன்பட்டன, பின்னர் எல்.ஈ.டி. விளக்குகள் அவற்றின் இடத்தைப் பிடித்தன. 30,000 அல்லது 50,000 மணித்தியாலங்கள் என உற்பத்தியாளர்கள் கூறும் கணக்கு இவ்விளக்குகளுக்கே உரியது. அதுவும் விளக்கு அணைந்துபோகும் காலமல்ல, பிரகாசம் பாதியாகக் குறையும் காலமாகும். தினமும் 8 மணித்தியாலம் பாவித்தால் 30,000 மணித்தியாலங்கள் கழியப் பத்து வருடங்களுக்கு மேற்செல்லும். இரவு பகலாக எரியவிட்டாலோ மூன்றரை வருடங்களுக்குள் அது முடிந்துவிடும். பிரகாசத்தை உச்சத்தில் வைத்திருப்பது இத்தேய்வைத் துரிதப்படுத்தும்.

அவ்வாறாயின் நான்கைந்து வருடங்களிலேயே திரைகள் செயலிழப்பது ஏன்? பல வேளைகளில் பழுதடைவது திரையல்ல, அதற்கு மின் வழங்கும் பகுதியிலுள்ள கொள்ளளவிகளே. திருத்துநர்கள் 'கெப்பாசிட்டர்' என அழைக்கும் இச்சிறு உருளைகளினுள் உள்ள திரவம் வெப்பத்தால் வரண்டுபோகின்றது. 105 பாகை செல்சியசில் 2,000 மணித்தியாலம் உழைக்குமென மதிப்பிடப்பட்ட ஒன்று, வெப்பம் 10 பாகை குறையுந்தோறும் ஏறத்தாழ இரு மடங்கு காலம் உழைக்கும். 75 பாகையில் 16,000 மணித்தியாலம். 65 பாகையில் 32,000 மணித்தியாலம். எமது நாட்டு வெக்கையில், சுவரோடு ஒட்டி, காற்றுத் துவாரங்கள் தூசியால் அடைபட்ட நிலையில் திரையை வைத்திருப்போர் இக்கணக்கைக் கவனித்தல் நன்று. துவாரங்களை மறைக்கும் அலங்காரத் துணியும் இவ்விடயத்தில் எதிரியே!

மின்சாரமும் தன் பங்கைச் செய்கின்றது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு அமுலான நாட்களை எவரும் மறந்திருக்க முடியாது. மின்சாரம் மீளவரும் கணத்தில் ஏற்படக்கூடிய அழுத்த ஏற்றம் இலத்திரனியல் பாகங்களைத் தாக்கவல்லது. மின்வெட்டின்போதும் இடி மின்னலின்போதும் செருகியைக் கழற்றிவிடுவது செலவில்லாத பாதுகாப்பாகும்.

ஓ.எல்.ஈ.டி. திரைகளின் கதை வேறு. அவற்றில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் சேதனச் சேர்வையால் ஆனது. நீல நிறத்துக்குரியது ஏனையவற்றைவிட விரைவாகத் தேய்கின்றது. அசையாத படமொன்றை நாட்கணக்கில் விட்டுவைத்தால் அதன் நிழல் நிரந்தரமாகவே பதிந்துவிடலாம்.

திரை இருண்டதும் புதியதைக் கொள்வனவு செய்ய முன்னர், கணினியை இயக்கிவிட்டு டோர்ச் வெளிச்சத்தைத் திரையின்மீது சாய்வாகப் பாய்ச்சிப் பாருங்கள். மங்கலாகவேனும் உருவம் தெரிந்தால் படலம் நலமாகவே உள்ளது. பின்னொளியோ அதற்கான மின்வழங்கலோதான் பழுது. அதனைத் திருத்தும் செலவு பெரும்பாலும் புதிய திரையின் விலையை எட்டாது. ஆனால், மின்சாரத்தைத் துண்டித்த பின்னரும் கொள்ளளவிகளில் மின்னேற்றம் தங்கியிருக்கும். பழைய குழல் விளக்குகளில் இரசமும் உண்டு. எனவே, திரையைத் திறக்கும் வேலையை அனுபவமுள்ள திருத்துநரிடமே ஒப்படைக்க வேண்டும்.