கொள்முதல் பட்டியலை யார் எழுதுவது?



மளிகைக் கடையின் லாபநட்டம் கல்லாவில் தீர்மானமாவதில்லை. கொள்முதல் சிட்டையிலேயே தீர்மானமாகி விடுகிறது. எந்தச் சரக்கை, எவ்வளவு, எப்போது வாங்குவது? இந்த மூன்று கேள்விகளுக்கும் சரியான விடை எழுதியவரின் கடை நிலைத்து நிற்கிறது. தவறாக எழுதியவரின் முதல் அலமாரியில் தூசி படிந்து கிடக்கிறது.

இத்தனை காலமும் இந்தச் சிட்டையை எழுதி வந்தது முதலாளியின் அனுபவம்தான். மேச்சேரியில் புதன்கிழமை சந்தை கூடினால் என்ன கூடுதலாகப் போகும், ஆடிப் பெருக்குக்கு மேட்டூர் அணைக்குச் செல்லும் கூட்டம் இவ்வழியே கடக்கும்போது எத்தனை பெட்டி தண்ணீர் பாட்டில் வேண்டும் என்பதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் எழுதப்படவில்லை. தகப்பனாரிடம் பார்த்துப் பழகி வந்த பாடம் அது.

இன்று அந்தச் சிட்டையை எழுதித் தருகிறேன் என்று கைபேசிக்குள் வேறொரு கணக்குப்பிள்ளை வந்து உட்கார்ந்திருக்கிறார். செயற்கை நுண்ணறிவு என்பது அவர் பெயர். ஆள் கெட்டிக்காரர், சம்பளமும் கேட்பதில்லை. ஆனால் ஒரு கணக்குப்பிள்ளையைச் சேர்க்கும்போது நாம் முதலில் விசாரிப்பது, அவர் யாருடைய ஆள் என்பதைத்தானே? அந்த விசாரணையைத்தான் இக்கட்டுரை செய்கிறது.

பெரிய கடைகளில் நடப்பது என்ன?

பேரங்காடிகளில் 'கேட்டகிரி மேனேஜர்' என்றொரு பதவி உண்டு. சோப்பு வகை, எண்ணெய் வகை, பிஸ்கட் வகை என்று கடையைப் பல பிரிவுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு தனி வியாபாரம்போல் ஒருவர் பொறுப்பில் விடுவார்கள். எந்த ரகம் வைப்பது, எந்தத் தட்டில் வைப்பது, என்ன விலை, எப்போது தள்ளுபடி என்ற எல்லாவற்றுக்கும் அவரே பொறுப்பு. 1990-களில் அமெரிக்காவில் பிரயன் ஹாரிஸ் என்பவர் இதனை எட்டுப் படிகள் கொண்ட முறையாக வகுத்தார். அதே காலகட்டத்தில்தான், 1996-ல், ஆர்.பி.ஜி. குழுமத்தின் ஃபுட்வேர்ல்ட் கடை சென்னை ராஜா அண்ணாமலைபுரத்தில் திறக்கப்பட்டு, நம் மாநிலத்தில் சங்கிலித் தொடர் பேரங்காடி வியாபாரம் கால் ஊன்றத் தொடங்கியது.

அந்த முறையில் சரக்கு வகைகளை நான்காகப் பிரிப்பார்கள். ஒன்று, வாடிக்கையாளர் வேறு கடைகளைத் தாண்டி நம்மைத் தேடி வருவதற்குக் காரணமான சரக்கு. இரண்டு, சோப்பு, எண்ணெய் போல மாதாமாதம் வாங்கும் சரக்கு. மூன்று, பொங்கல் வெல்லம்போலப் பருவத்துக்கு வரும் சரக்கு. நான்கு, தீப்பெட்டி, பேட்டரி போல அவசரத்துக்கு வாங்கும் சரக்கு. நான்குக்கும் ஒரே அளவு லாபம் வைப்பதோ, ஒரே அளவு முதல் போடுவதோ கூடாது என்பது இதன் சாரம். நம் பெரியவர்கள் இதைப் பெயர் வைக்காமலே செய்து வந்தார்கள்.

ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். பிஸ்கட்டில் ரூ.1,000 போடுகிறோம், லாபம் 10 சதவீதம். பத்து நாளில் விற்று மறுபடியும் வாங்குகிறோம். மாதம் மூன்று சுற்று, வரவு ரூ.300. முகப்பூச்சு வகையில் அதே ரூ.1,000 போடுகிறோம், லாபம் 20 சதவீதம். ஆனால் விற்று முடிய இரண்டு மாதம் ஆகிறது. மாதத்துக்கு வரவு ரூ.100 மட்டுமே. சதவீதத்தைப் பார்த்தவருக்கு முகப்பூச்சு இனிக்கும். சுற்றைப் பார்த்தவருக்குப் பிஸ்கட் இனிக்கும். பல நூறு சரக்குகளுக்கு இந்தக் கணக்கை நாள்தோறும் மனத்தால் போட முடியாது. இயந்திரம் நொடியில் போட்டு விடும். அதன் உண்மையான பயன் இங்கேதான் இருக்கிறது.

பட்டியல் வந்து விட்டது

இந்துஸ்தான் யூனிலீவர் நிறுவனத்தின் 'ஷிகர்' செயலியை நம்மில் பலர் அறிவோம். விற்பனைப் பிரதிநிதி வரும் நாளுக்குக் காத்திராமல் கடைக்காரரே கைபேசியில் ஆர்டர் போடலாம். நாட்டில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட கடைகள் அதில் சேர்ந்திருக்கின்றன. ஐ.டி.சி. நிறுவனமும் 'உன்னதி' என்ற செயலியை நடத்துகிறது. கடையின் முந்தைய கொள்முதலைப் பார்த்து, இன்னின்ன சரக்கை வாங்கலாம் என்று பரிந்துரைக்கும் வசதி இத்தகைய செயலிகளில் வந்து விட்டது.

இது வசதிதான்; மறுப்பதற்கில்லை. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு கம்பெனியின் செயலிக்குத் தெரிவது அந்தக் கம்பெனியிடம் நாம் வாங்கிய கணக்கு. நம் கல்லாவில் மொத்தம் எவ்வளவு இருக்கிறது, பருப்பு மண்டிக்கு நாளை எவ்வளவு கட்ட வேண்டும் என்பது அதற்குத் தெரியாது. 'இந்த வாரம் எங்கள் சரக்கைக் குறைத்து, அந்தப் பணத்தில் துவரம் பருப்பு வாங்குங்கள்' என்று அது சொல்லவும் சொல்லாது. கடைக்கார் பலசரக்கு விற்பவர். கம்பெனி தன் சரக்கை விற்பது. இருவர் கணக்கும் ஒன்றாக இருக்க முடியாது.

பட்டியல் எழுதும் பொறுப்பைச் சரக்கு விற்பவரிடமே விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்க நீதிமன்றத்தில் ஒரு பெரிய வழக்கே நடந்திருக்கிறது. அங்கே பேரங்காடிகள், ஒரு வகையில் முன்னணியில் உள்ள கம்பெனியையே அழைத்து, 'இந்த அலமாரியை எப்படி அடுக்கலாம் என்று நீங்களே யோசனை சொல்லுங்கள்' என்பது வழக்கம். 'கேட்டகிரி கேப்டன்' என்று அதற்குப் பெயர். புகையிலை வகையில் இந்த இடத்தைப் பெற்ற யு.எஸ். டொபாக்கோ நிறுவனம், அதைத் தவறாகப் பயன்படுத்திப் போட்டியாளரான கான்வுட் நிறுவனத்தின் சரக்கை அலமாரியிலிருந்து ஒதுக்கியது என்று வழக்கு வந்தது. 105 கோடி டாலர் இழப்பீடு தர வேண்டும் என்ற தீர்ப்பை 2002-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதி செய்தது. அலமாரியில் ஓரிடம் என்பது எத்தனை பெரிய சொத்து என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

ஜப்பான் காட்டும் வழி

அப்படியானால் இயந்திரமே வேண்டாமா? வேண்டும். எப்படி வேண்டும் என்பதற்கு ஜப்பானின் செவன்-இலெவன் கடைகள் நல்ல எடுத்துக்காட்டு. அங்கே முதல் கடை 1974-ல் டோக்கியோவின் தொயோசு பகுதியில் திறக்கப்பட்டது. ஒரு குடும்பம் நடத்தி வந்த மதுக்கடையை மாற்றி அமைத்ததே அது. பின்னர் சேர்ந்த கடைகளிலும் பல, நம்மைப் போன்ற குடும்பக் கடைகள். 1982-ல் அவர்கள் விற்பனைக் கணினியைக் கொண்டுவந்தார்கள்.

ஆனால் நிறுவனத்தை வளர்த்த தொஷிஃபுமி சுசுகி, ஆர்டர் போடும் முடிவைக் கணினியிடம் விடவில்லை. கணினி நேற்றைய கணக்கைக் காட்டும். நாளைய தேவையைக் கடையில் நிற்பவரே ஊகிக்க வேண்டும். மறுநாள் அந்த ஊகம் சரியா என்று கணினியில் சரிபார்க்க வேண்டும் என்பது அவர் வகுத்த முறை. பகுதி நேர ஊழியருக்கும் இந்தப் பயிற்சி உண்டு. அங்கே சொல்லப்படும் ஓர் எடுத்துக்காட்டு: கடைக்கு அருகே மீன் பிடிக்கும் துறை இருக்கிறது. நாளை நல்ல வெயில் என்கிறது வானிலை அறிக்கை. மீன் பிடிக்க வருபவர் உணவு கட்டிக்கொண்டு போவார். வெயிலில் கெடாதது எது? புளிப்புப் பிளம் வைத்த சோற்று உருண்டை. ஆகவே அதைக் கூடுதலாக வாங்கு! நம் வீட்டில் பயணத்துக்குப் புளிசாதம் கட்டும் அதே யோசனைதான். மேச்சேரிக் கடைக்காரருக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. சொன்ன யோசனை பலித்ததா என்று எழுதிப் பார்க்கும் பழக்கம்தான் நம்மிடம் குறைவு.

இயந்திரம் எங்கே சறுக்கும்?

முதலாவது, இல்லாத சரக்கின் கணக்கு. நல்லெண்ணெய் பத்து நாள் இருப்பில் இல்லை, விற்பனை சுழி. 'இதைக் கேட்பார் இல்லை' என்று இயந்திரம் முடிவு கட்டிப் பட்டியலிலிருந்து நீக்கி விடலாம். கேட்டு வந்து திரும்பிப் போனவரை அது பார்க்கவில்லை. நாம் பார்த்தோம்.

இரண்டாவது, நாள்காட்டி. ஆடிப் பெருக்கு, கார்த்திகை, முகூர்த்த நாட்கள் எல்லாம் தமிழ்க் கணக்கில் வருபவை. கோயில் திருவிழாவும் அப்படியே. ஆங்கிலத் தேதியை மட்டும் வைத்துச் சென்ற ஆண்டோடு ஒப்பிட்டால் பிழை வரும். 2020 ஊரடங்கு மாதங்களின் விற்பனையை வழக்கமான விற்பனை என்று எடுத்துக்கொண்டாலும் பிழைதான்.

மூன்றாவது, தவறான பதிவு. அமெரிக்காவின் டார்கெட் நிறுவனம் 2013-ல் கனடாவில் கடைகளைத் திறந்தது. அவசரத்தில் சரக்குகளின் அளவு, பெட்டிக்கு எத்தனை என்பன போன்ற விவரங்கள் கணினியில் தவறாக ஏறின. கிடங்குகள் நிரம்பி வழிந்தன; கடை அலமாரிகளோ காலியாக நின்றன. 2015 ஜனவரியில், 133 கடைகளையும் மூடிவிட்டு வெளியேறுவதாக அந்நிறுவனம் அறிவித்தது. வேறு காரணங்களும் உண்டு என்றாலும், தவறான பதிவு முக்கியமான ஒன்று. மூட்டையில் வாங்கிக் கிராமில் விற்கும் நமக்கு இந்த எச்சரிக்கை மிகவும் பொருந்தும்.

நமக்கு ஏற்ற செயலி

ஆகவே, எந்தச் செயலியை வாங்கினாலும், சங்கத்தின் வழியாக நாமே ஒன்றைச் செய்யச் சொன்னாலும், கீழ்க்கண்ட தகுதிகளைக் கேட்டுப் பெற வேண்டும். சென்னையின் கோஃப்ருகல், ஜோஹோ முதலிய நிறுவனங்கள் வணிகருக்கான மென்பொருள் செய்து பெயர் பெற்றிருக்கும் மாநிலத்தில் இது ஆகாத காரியம் அல்ல.

1. எல்லாக் கம்பெனிச் சரக்கும், மண்டிச் சரக்கும், பார்கோடு இல்லாத சில்லறைச் சரக்கும் ஒரே பட்டியலில் வர வேண்டும்.

2. காலையில் நூறு வரி வேண்டாம். 'வாங்க வேண்டியது', 'நிறுத்த வேண்டியது', 'உங்கள் முடிவுக்கு உரியது' என்று மூன்று பிரிவுகள் போதும்.

3. ஒவ்வொரு பரிந்துரைக்கும் காரணம் தமிழில் இருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக: 'துவரம் பருப்பு நாளுக்கு 8 கிலோ போகிறது, சரக்கு வந்து சேர 3 நாள், கையிருப்புக்கு 2 நாள், 40 கிலோவுக்குக் கீழே இறங்கியதால் வாங்கவும்.' காரணம் சொல்லாத பரிந்துரை குறி சொல்வது போன்றது.

4. அளவை மாற்றும் உரிமை கடைக்காரருக்கே. மாற்றினால் 'சந்தை', 'கல்யாணம்', 'விலை ஏறும்', 'கையில் பணமில்லை' என்று காரணத்தைத் தொட்டுச் சொன்னால் போதும். யார் கணிப்பு பலித்தது என்று அடுத்த வாரம் அது காட்ட வேண்டும்.

5. 'கேட்டார்கள், இல்லை' என்று பதிய ஒரு பொத்தான் கட்டாயம் வேண்டும். பேச்சிலும் பதிய முடிய வேண்டும்.

6. வரி மாற்றம் உடனே ஏற வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் சோப்பு, தலை எண்ணெய், பற்பசை, பிஸ்கட் ஆகியவற்றின் ஜி.எஸ்.டி. 18-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. அன்று காலை பழைய விகிதத்தில் பில் போட்ட இயந்திரத்தால் கெட்ட பெயர் யாருக்கு? கடைக்காரருக்குத்தான்.

7. கணக்கு நம்முடையது. நினைத்தபோது முழுவதையும் எடுத்துக்கொண்டு வேறு செயலிக்குப் போகும் உரிமை எழுத்தில் இருக்க வேண்டும். வாடிக்கையாளரின் பெயர், கைபேசி எண், கடன் பற்று ஆகியவை நம்மை நம்பிக் கொடுக்கப்பட்டவை. 2023-ல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் மனத்தில் கொண்டு, அவற்றை எவருக்கும் கை மாற்றக் கூடாது.

இவற்றோடு இன்னொரு பெரும் பயனும் உண்டு. பத்துக் கடைகளின் தேவையைச் செயலி ஒன்றாகக் கூட்டிக் காட்டினால், சேலம் லீ பஜாரிலும் செவ்வாய்ப்பேட்டையிலும் நாம் ஒரே ஆர்டராகப் பேசலாம். ஒரு மூட்டைக்குப் பேசுபவருக்கும் ஒரு லாரிக்குப் பேசுபவருக்கும் ஒரே விலை கிடைப்பதில்லை. 2021 டிசம்பரில் அகில இந்திய நுகர்பொருள் விநியோகஸ்தர் கூட்டமைப்பு, பெரிய நிறுவனங்களுக்கு ஒரு விலை, தங்களுக்கு ஒரு விலையா என்று கேட்டுப் போராட்ட அறிவிப்பு விடுத்ததும் இதற்காகத்தான். விலை, அளவைப் பார்த்தே பேசும்.

இன்றே தொடங்கலாம்

செயலி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். மும்முரமாகப் போகும் இருபது சரக்குகளை எழுதுங்கள். இருப்பு, வாங்கியது, விற்றது, கேட்டு இல்லாமல் திரும்பியவர் என்று நான்கு பத்திகள் போடுங்கள். வாரம் ஒரு நாள், விற்காமல் இரண்டு மாதம் கடந்த சரக்கைத் தனியே குறித்து, அதில் முடங்கிய தொகையைக் கூட்டிப் பாருங்கள். மூன்று மாதம் எழுதியவருக்குத் தம் கடையைப் பற்றிப் புதிதாகப் பல செய்திகள் தெரிய வரும். நாளை எந்தச் செயலியில் சேர்ந்தாலும், அது சொல்வது சரியா என்று சரிபார்க்க அவர் கையில் ஓர் அளவுகோல் இருக்கும்.

கணக்குப்பிள்ளை எத்தனை கெட்டிக்காரராக இருந்தாலும், சிட்டையில் கடைசிக் கையெழுத்து முதலாளியுடையது. அந்தப் பேனாவை நாம் கை மாற்றிக் கொடுக்க வேண்டாம்.