பாடியவன் பெயர் எங்கே?

திருத்தணி மலைக்கும் பாட்டுக்கும் உள்ள உறவு இன்று நேற்று வந்ததல்ல. அருணகிரியார் திருப்புகழில் பாடிய மலை இது. முத்துசாமி தீட்சிதர் தம் முதற் பாடலை இங்கேதான் பாடினார் என்பது வழிவழியாக வரும் செய்தி. அவருடைய பாடல்களில் 'குருகுஹ' என்றொரு முத்திரை இருக்கும். அது காதில் விழுந்த மாத்திரத்தில், "இது தீட்சிதர் பாட்டு" என்று கச்சேரி கேட்போர் சொல்லிவிடுவர். அவர் மறைந்து இருநூறு ஆண்டுகள் நெருங்குகின்றன. அந்தப் பெயரை அழிக்க எவராலும் முடியவில்லை.

மலையை விட்டு இறங்கி இரயிலேறினால் அரை மணிக்குள் அரக்கோணம். இரயில் தொழிலாளர் நிறைந்த ஊர். அங்கே பிறந்த பாட்டுக்காரர் ஒருவரின் முகம், உலகமே அவர் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில், பத்திரிகை அட்டையிலிருந்து காணாமற் போயிற்று! எப்படிப் போயிற்று? உழைத்து வாழும் தோழர்கள் எண்ணிப் பார்க்கவேண்டிய கேள்வி இது.

அறிவரசு கலைநேசன் என்பது முழுப் பெயர். அறிவு என்றால் நாடறியும். கோவையில் பொறியியல் படித்தவர். இயந்திரத்தை விட்டார், எழுதுகோலை எடுத்தார். இயக்குநர் பா. இரஞ்சித்தின் முயற்சியில் 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவில் அவரும் ஒருவர். கானாவும் பறையும் மேல்நாட்டு ராப்பும் கைகோத்து நின்ற மேடை அது. 2019-இல் 'தெருக்குரல்' என்ற இசைத்தொகுப்பு வந்தது. 2021-இல் வெளியான 'மாஸ்டர்' படத்தின் 'வாத்தி ரெய்டு' பாட்டை எழுதி, அனிருத்துடன் பாடினார்.

அதே 2021, மார்ச் 7. 'எஞ்சாய் எஞ்சாமி' வெளிவந்தது. இசை சந்தோஷ் நாராயணன். பாடியவர்கள் தீயும் அறிவும். சொல் அறிவின் சொல். 'என் சாமி' என்று பேரனைக் கொஞ்சும் பாட்டியின் பேச்சுத்தான் 'எஞ்சாமி'. பட்டி தொட்டி முதல் பாரீஸ், இலண்டன் வரை அந்தச் சொல் பறந்தது. பத்துக் கோடித் தடவைக்கு மேல் மக்கள் அதைக் கேட்டனர்.

அந்தப் பாட்டி யார்? வள்ளியம்மாள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்த கைகள் அவருடையவை. அந்த மலைகளைப் பொன் விளையும் பூமியாக்கிய தமிழர்களை, 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30-இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சமிருந்த 1,50,000 பேரின் கதி பிறகு பார்த்துக்கொள்ளலாம்! மூட்டையைப் பங்கிடுவதுபோல மனிதரைப் பங்கிட்டார்கள். வெறுங்கையோடு திரும்பியவர்களின் பெருமூச்சுத்தான் அந்தப் பாட்டு. மரம் வைத்தவர்கள் நிழலுக்கு ஏங்கிய கதை அது.

அந்தக் கதையைப் பாடிய பேரனுக்கு என்ன நேர்ந்தது? 2021 ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' இதழ் அந்தப் பாட்டின் புகழைப் பேசி அட்டை போட்டது. அட்டையில் தீ இருந்தார், ஷான் வின்சென்ட் டி பால் இருந்தார், அறிவு இல்லை! பா. இரஞ்சித் கேட்டார், பலரும் கேட்டார்கள். அதன் பிறகே அறிவுக்கென்று வேறோர் அட்டை வந்தது. 2022 ஜூலை 28-இல் சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா. பாட்டு ஒலித்தது, தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் பாடினர். மேடையில் அறிவு இல்லை. அவர் அமெரிக்காவில் இருந்தார் என்று விளக்கம் வந்தது. சொல்லும் மெட்டும் தன் உழைப்பு என்று அறிவு எழுதினார். கூட்டாக உருவானது, வருவாயில் மூவருக்கும் சம பங்கு என்று சந்தோஷ் நாராயணன் பதில் சொன்னார்.

கூட்டுழைப்பு என்பதை நாம் மறுப்போமா? ஆலையில் தனியாக எவன் துணி நெய்தான்? ஆனால் கூட்டு என்றால் கூலிப்பட்டியலில் எல்லார் பெயரும் இருக்கவேண்டும் அல்லவா? 2024 மார்ச்சில் வேறொரு செய்தி வந்தது. அந்தப் பாட்டிலிருந்து தமக்கு ஒரு காசும் வரவில்லை என்று சந்தோஷ் நாராயணனே வெளிப்படையாகச் சொன்னார். வெளியிட்ட நிறுவனம் தன் தரப்பைச் சொன்னது. வழக்காடுவது நம் வேலையல்ல. ஆனால் பங்கு யாருக்கு எவ்வளவு என்று கலைஞர்கள் தங்களுக்குள் முட்டிக்கொள்ளும்போது, கணக்குப் புத்தகம் யார் கையில் இருக்கிறது என்று பார்ப்பது தொழிலாளி கற்ற பாடம்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் 2012-இல் திருத்தப்பட்டது. எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் உரிய ராயல்டியை அவர்களே எழுதிக் கொடுத்தாலும் விட்டுக்கொடுக்க முடியாது என்று அது சொல்கிறது. தொழிலாளிக்குக் குறைந்தபட்சக் கூலி எப்படியோ, பாட்டாளிக்கு இது அப்படி! ஆனால் கேட்காத கூலி எந்த நாளில் வீடு தேடி வந்திருக்கிறது?

தோழர்களே, ஊரார் குற்றத்தை மட்டும் பேசிப் பயனில்லை. நம் கூட்டங்களைப் பாருங்கள். பேச்சாளர் வருமுன் இரண்டு மணி நேரம் கூட்டத்தைக் கட்டிக் காப்பவன் பாட்டுக்காரன். சுவரொட்டியில் மாலை போடுபவர் பெயர் இருக்கிறது, மேடை போட்டவர் பெயர்கூட இருக்கிறது. பாட்டெழுதியவன் பெயர் இருக்கிறதா? நாற்று நட்டவள் பாடினாள், ஒப்பாரி வைத்தவள் பாடினாள், அவளுக்கு முத்திரை ஏது? "நாட்டுப்பாடல்" என்ற ஒரே சொல்லில் ஆயிரம் பெயர்களைப் புதைத்துவிட்டோம்!

அறிவு அந்த வழக்கத்தை உடைத்தார். 2024-இல் வந்த தம் இசைத்தொகுப்புக்கு 'வள்ளியம்மா பேராண்டி' என்று பெயரிட்டார். கொழுந்து பறித்த பாட்டியின் பெயரே அவருக்கு முத்திரை.

அடுத்த கூட்டத்துக்கு நோட்டீஸ் அடிக்கும்போது, பாடுபவர் பெயரையும் பாட்டெழுதியவர் பெயரையும் முதலில் அச்சுக்குக் கொடுங்கள். கூலியை அன்றிரவே கையில் கொடுங்கள். உழைப்பவனுக்கே உரிமை என்று மேடையில் முழங்கும் தகுதி அதன் பிறகு நமக்கு வரும்.