சிப்பிக்குள் நூல்

கரையோரக் கணக்கு – 9

தூத்துக்குடி முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுபோனதைச் சென்ற வாரம் பார்த்தோம். முத்துதான் போயிற்று, சிப்பி போகவில்லை. கழிமுகத்திலும் கரையோரக் கற்களிலும் ஒட்டி வளரும் உணவுச் சிப்பி இன்றும் அங்கே கிடைக்கிறது. அதை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2019-இல் வெளியானது. மூன்று இடங்களில் எடுத்த 180 சிப்பிகளில், ஒன்றுக்குச் சராசரியாக ஏறத்தாழ 7 பிளாஸ்டிக் துணுக்குகள் இருந்தன. அதிகம் தென்பட்டவை கால் மில்லிமீட்டர் முதல் அரை மில்லிமீட்டர் வரையிலான பாலிஎத்திலீன் இழைகள்.

இதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? இத்தகைய ஆய்வுகளில் சிப்பிச் சதையைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைப்பது வழக்கம். சதை கரைந்துவிடும்; பிளாஸ்டிக் பெரும்பாலும் அப்படியே தங்கும். வடிதாளில் வடித்து நுண்ணோக்கிக்கு அடியில் வைத்தால், நீலம், சிவப்பு, நிறமே இல்லாதது என்று நூல்கள் சுருண்டு கிடக்கும். சந்தேகம் வந்தால் பழுக்கக் காய்ச்சிய ஊசியைப் பக்கத்தில் கொண்டுபோவார்கள். பிளாஸ்டிக் என்றால் சுருங்கும், உருகும். எந்த வகைப் பிளாஸ்டிக் என்பதை அகச்சிவப்புக் கதிர்க் கருவி காட்டிவிடும். ஆய்வுக்கூடத்தில் பருத்தி அங்கியோடுதான் நிற்க வேண்டும். பாலியஸ்டர் சட்டையிலிருந்து உதிரும் இழை ஒன்று கணக்கையே கெடுத்துவிடும்.

சிப்பி இரை தேடிப் போவதில்லை. செவுளில் உள்ள நுண்மயிர்களை அசைத்து நீரை உள்ளிழுக்கிறது. மிதந்து வரும் பாசித் துகள்களைச் சளியில் ஒட்டவைத்து வாய்க்கு நகர்த்துகிறது. வேண்டாததைச் சளியோடு உருட்டி வெளியே தள்ளவும் அதற்குத் தெரியும். இழைகளிலும் ஒரு பகுதியை அப்படித் துப்பிவிடுகிறது. அதையும் மீறி உள்ளே தங்கியதைத்தான் நாம் எண்ணுகிறோம். மீனின் குடலைக் கழித்துவிட்டுச் சமைக்கிறோம். சிப்பியையும் மட்டியையும் குடலோடு முழுசாகச் சாப்பிடுகிறோம்.

இதைப் படித்துவிட்டு யாரும் சிப்பிக் குழம்பை ஒதுக்கிவிடக் கூடாது என்று உண்மையாகவே கவலைப்படுகிறேன். 2018-இல் ஸ்காட்லாந்து ஆய்வாளர்கள் ஓர் ஒப்பீடு செய்தார்கள். பிரிட்டனில் மட்டி வழியாக ஆண்டுக்கு நூற்றுச் சொச்சம் துகள்கள் ஒருவருக்குப் போகலாம். சாப்பிடும்போது வீட்டுத் தூசியிலிருந்து தட்டில் விழுபவையோ ஆண்டுக்குப் பதினாலாயிரம் முதல் எழுபதாயிரம் வரை இருக்கலாம் என்பது அவர்கள் கணிப்பு. சிப்பி பொறுக்கிப் பிழைக்கும் குடும்பங்களின் வருமானத்தை அரைகுறைப் பயம் அழித்துவிடக் கூடாது.

பாதிப்பு முதலில் சிப்பிக்குத்தான். பிரான்சில் 2016-இல் வெளியான ஆய்வில், இரண்டு மாதம் நுண்பிளாஸ்டிக் கலந்த நீரில் வளர்த்த பசிபிக் சிப்பிகளின் முட்டை எண்ணிக்கை 38 சதவீதம் குறைந்தது. அவற்றின் இளம்புழுக்கள் 41 சதவீதம் குறைந்தன. தொட்டியில் கொடுத்த அளவு கடலில் பொதுவாக இருப்பதைவிட அதிகம் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் கடலில் பிளாஸ்டிக் சேர்ந்துகொண்டே போகிறது. சிப்பி இடம் மாறிப் போகவும் முடியாது.

இழை எங்கிருந்து வருகிறது? நம் விசைப்படகுகளின் இழுவலை பெரும்பாலும் பாலிஎத்திலீன். தரையில் உரசி, வெயிலில் காய்ந்து, பொத்திப் பொத்தி நைந்த வலை பிசிறு பிசிறாக உதிர்கிறது. படகு கட்டும் கயிறும் அப்படித்தான். பாலிஎத்திலீன் மிதக்கும் பொருள். பாசி படியப் படியக் கனத்துச் சிப்பி இருக்கும் ஆழத்துக்கு இறங்குகிறது. துணி துவைத்த நீர் கொண்டுவரும் பாலியஸ்டர், அக்ரிலிக் இழைகள் வேறு. ஆறு கிலோ அக்ரிலிக் துணியை ஒரு தடவை இயந்திரத்தில் துவைத்தால் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட இழைகள் கழன்று போகலாம் என்று 2016-இல் பிரிட்டனில் கணக்கிட்டார்கள்.

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பைக்கும் உறிஞ்சுகுழலுக்கும் தடை. நல்ல சட்டம். ஆனால் தூத்துக்குடிச் சிப்பியில் கிடைத்த இழைக்குக் கயிறும் வலையும் காரணமென்றால், அந்தத் தடை அதன் பக்கத்தில்கூடப் போகாது. கேரளத்தில் நீண்டகரை மீனவர்கள் 2017 முதல் வலையில் சிக்கும் பிளாஸ்டிக்கைக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். அதை அரைத்துத் தார்ச் சாலைக்குக் கொடுத்தார்கள். நைந்த வலையையும் அறுந்த கயிற்றையும் எடைபோட்டு, கையில் காசு கொடுத்து வாங்கும் இடம் நம் ஒவ்வொரு மீன் இறங்குதளத்திலும் வேண்டும். ஏலக் கூடத்துக்குப் பக்கத்திலேயே வேண்டும். தள்ளி வைத்தால் யாரும் சுமந்துகொண்டு போகமாட்டார்கள்.

(அடுத்த வாரம்: உப்பளம்)